கட்டடத்திலும் கட்டுமான சைட்டிலும் ஃபயர் வாட்ச் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துச் சைட்களிலும் ஃபேக்டரிகளிலும் ஃபயர் வாட்ச் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களோடு நின்று பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். தீ பிடிக்கக்கூடிய வேலையோ நேரமோ இருக்கும்போது, தீயை மட்டும் கவனித்து நிற்கும் காவல்தான் ஃபயர் வாட்ச். புதிதாக இந்த வேலைக்கு வருகிற காவலருக்கும், அவரை அனுப்புகிற சூப்பர்வைசருக்கும், ஆள் கேட்கிற கட்டட உரிமையாளருக்கும் இது பயன்படும்.

புதியவர்கள் எல்லாரும் வெல்டிங் நடக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே தீ பிடிப்பது அபூர்வம். பொறி தெறித்துப் போய் விழுந்த இடத்தில், சுவருக்கு அந்தப் பக்கமோ கீழ்த் தளத்திலோ, ஆட்கள் கை கழுவிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் பிடிக்கிறது. அதனால் இந்த வேலையின் கனமான பகுதி வெல்டிங் தொடங்கும் முன்பும், அது முடிந்த பின்பும் இருக்கிறது. கீழே உள்ள வரிசையை அதற்கேற்பத்தான் வைத்திருக்கிறேன். மாற்றாமல் அப்படியே செய்யுங்கள்.

1. எப்போது ஆள் போட வேண்டும்

மூன்று சந்தர்ப்பங்கள். முதலாவது, நெருப்போ பொறியோ வருகிற வேலை. வெல்டிங், கேஸ் கட்டிங் என்றால் எல்லாருக்கும் தெரியும். கிரைண்டிங்கைக் கணக்கில் எடுக்க மறந்துவிடுகிறார்கள். மொட்டை மாடியில் தார் ஷீட்டை டார்ச்சால் சூடாக்கி ஒட்டும் வாட்டர் ப்ரூஃபிங் வேலையையும் மறந்துவிடுகிறார்கள். இரண்டும் பட்டியலில் இருக்கவேண்டும்.

இரண்டாவது, கட்டடத்தின் ஸ்பிரிங்க்ளர் (தீ பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் அமைப்பு), அலாரம், ஹைட்ரன்ட் பம்ப் (தீயணைப்புக் குழாய்களுக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப்) இவற்றில் ஏதாவது பழுதாகியோ ரிப்பேருக்காகவோ நின்றிருக்கும் நேரம். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ (தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம்) தரங்களில் இதற்கு ஓர் அளவு உண்டு. 24 மணி நேரத்துக்குள் அலாரம் 4 மணி நேரத்துக்கு மேல், அல்லது ஸ்பிரிங்க்ளர் 10 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யாது என்றால், கட்டடத்தைக் காலி செய்வது அல்லது ஃபயர் வாட்ச் போடுவது போன்ற மாற்று ஏற்பாடு வேண்டும். நம் பக்கத்து ஃபேக்டரிகள் வேறு அளவு வைத்திருக்கலாம். எந்த அளவாக இருந்தாலும், சிஸ்டத்தை நிறுத்துவதற்கு முன்பே ஆள் வந்து நிற்கவேண்டும். நிறுத்திவிட்டு ஆளைத் தேடினால் இடைப்பட்ட நேரத்துக்குப் பொறுப்பாளி கிடையாது.

மூன்றாவது, சிஸ்டமே இன்னும் வராத கட்டுமான சைட்டின் இரவு.

"ரெண்டே நிமிஷம், ஒரு டேக் வெல்டு அடிச்சிட்டு இறங்கிடுறேன்" என்று வருகிற வேலைக்கும் ஆள் வேண்டும். பெரிய வேலைக்கு எல்லாரும் தயாராக இருப்பார்கள். இந்தச் சின்ன வேலை நடக்கும்போது பக்கத்தில் தீயணைப்பான்கூட இருக்காது.

நம் ஊருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கிருஷ்ணகிரி சுற்றுவட்டார மாங்கூழ் ஃபேக்டரிகளில் காய் வரத்து தொடங்கும் முன் மெயின்டனன்ஸ் நடக்கும். பைப் லைன், ஸ்டீம் லைன், ஷெட் கூரை என்று வெல்டிங் வேலை குவியும். அதே மாதங்களில்தான் வெயில் ஏறிப் புல்லும் அட்டைப்பெட்டியும் விறகும் காய்ந்து கிடக்கும். அந்த மாதங்களுக்கு ஆட்களை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

2. யாரை நிறுத்துவது

ஏஜென்சி மூலம் ஆள் எடுத்தால், 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று நகலைக் கேட்டு வாங்குங்கள். அந்தச் சட்டத்தின் மாதிரி விதிகள் காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் கேட்கின்றன. அது பொதுவான காவலுக்கான பயிற்சி. அதில் தீயணைப்பும் ஒரு பாடம், அவ்வளவுதான். ஃபயர் வாட்ச்சுக்கு அதற்கு மேல் தனியாகச் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

ஃபயர் வாட்ச் ஆளுக்கு வேறு எந்த வேலையும் இருக்கக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியைக் கூப்பிட்டு "கொஞ்சம் இதையும் பார்த்துக்கோங்கண்ணே" என்றால் லாரி வந்ததும் அவர் கேட்டுக்கு ஓடிவிடுவார். வெல்டரின் ஹெல்பரை நிறுத்தினால் அவர் ராடு எடுத்துக் கொடுப்பார், கேபிள் இழுப்பார், டீ வாங்கப் போவார். அவர் கண் பொறியின் மேல் இருக்காது.

உடல் தகுதியில் நான் பார்ப்பது மூன்று. மாடிப்படி ஏறி இறங்க முடியவேண்டும், இரவில் பார்வை தெளிவாக இருக்கவேண்டும், மூக்கு வேலை செய்யவேண்டும். மூன்றாவதைச் சொன்னால் பலர் வியக்கிறார்கள். புகை கண்ணுக்குத் தெரிவதற்கு முன் கருகல் வாடைதான் முதலில் வரும். சளி பிடித்த ஆளை அன்றைக்கு வேறு டூட்டிக்கு மாற்றுங்கள். பகல் முழுக்க 12 மணி நேரம் நின்றவரை அப்படியே இரவுக்கும் நிறுத்தாதீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு அவரால் எதையும் கவனிக்க முடியாது.

எண்ணிக்கையையும் இப்போதே முடிவு செய்யவேண்டும். மேல் தளத்தில் கட்டிங் நடந்து கீழ்த் தளத்தில் பொறி விழும் என்றால் மேலே ஒருவர், கீழே ஒருவர். சுவருக்கு இரண்டு பக்கமும் சூடேறும் என்றால் பக்கத்துக்கு ஒருவர்.

கடைசியாக, வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம். சைட் இன்ஜினியர், கான்ட்ராக்டரையும் மேஸ்திரியையும் வைத்துக்கொண்டு, "இவர் நிறுத்துன்னு சொன்னா நிறுத்தணும்" என்று முதல் நாள் காலையிலேயே சொல்லிவிடவேண்டும். தனியாகக் காவலரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அந்த அதிகாரத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். மாதம் முழுக்க வெல்டிங் செய்கிற ஒருவரை நேற்று வந்த காவலர் நிறுத்துவது லேசான காரியமில்லை. அவருக்குப் பின்னால் நிறுவனம் நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.

3. கையில் இருக்கவேண்டியவை

உடையில் தொடங்குவோம். செக்யூரிட்டி யூனிஃபார்ம் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்த துணி. பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஃபயர் வாட்ச்சுக்குக் கனமான பருத்தித் துணியில் முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும் கொடுங்கள். ஷூ, ஹெல்மெட், கண்ணாடி, தோல் கையுறையும் வேண்டும்.

நல்ல டார்ச் லைட், விசில், சார்ஜ் ஏறிய போன், வாட்ச், நோட்டு, பேனா. பம்ப் ரூம், எலக்ட்ரிக்கல் ரூம், மொட்டை மாடி, ஸ்டோர் இவற்றின் சாவிகள் அவரிடமே இருக்கவேண்டும். சாவி ஸ்டோர் கீப்பர் வீட்டில் இருந்தால் ரவுண்ட்ஸ் போவதில் அர்த்தமில்லை. விசில் எதற்கு என்றால், நம் சைட்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா, வங்காளம் எல்லாம் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று நீள விசில் என்றால் எல்லாரும் வெளியேறவேண்டும் என்று காலை மீட்டிங்கிலேயே பழக்கிவிடலாம்.

தீயணைப்பானில் குறைந்தது இரண்டு, வேலை நடக்கும் இடத்திலேயே. முள் பச்சையில் இருக்கிறதா, பின்னும் சீலும் இருக்கின்றனவா, ஹோஸ் வெடிப்பில்லாமல் இருக்கிறதா, ரீஃபில் தேதி கடந்துவிட்டதா என்று பார்த்து வாங்குங்கள். மரம், துணி, பெயின்ட், கேஸ் எல்லாம் கலந்து கிடக்கும் சைட்டுக்கு ஏபிசி பவுடர் பொருத்தம். எலக்ட்ரிக்கல் பேனல் பக்கத்தில் சிஓ2 வையுங்கள்.

புதியவர்களுக்குத் தெரியாத ஒன்று: 6 கிலோ பவுடர் சிலிண்டர் சுமார் 15 முதல் 20 விநாடிக்குள் தீர்ந்துவிடும். முதல் ஐந்து விநாடியைத் தடுமாற்றத்தில் விட்டால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. ரீஃபிலுக்குப் போகவேண்டிய பழைய சிலிண்டர்களை அனுப்பும் முன், திறந்த வெளியில் ஒவ்வொரு காவலரையும் ஒரு முறை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னை இழுக்க எவ்வளவு பலம் வேண்டும், எவ்வளவு தூரம் போகிறது, எவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்பதெல்லாம் கைக்குத் தெரிந்துவிடும்.

பவுடர் சுடரை அணைக்கும், சூட்டை எடுக்காது. சாக்கு, மரத்தூள், தேங்காய் நார் போன்றவை உள்ளே கங்காக இருந்து திரும்பப் பிடிக்கும். அதனால் தண்ணீரும் வேண்டும். ஹைட்ரன்ட் வராத சைட்டில் 200 லிட்டர் டிரம் ஒன்று, பக்கெட் இரண்டு. தண்ணீரை டேங்கரில் வாங்குகிற ஊரில் அந்த டிரம் நிறைந்தபடியே நிற்பது கடினம். கை கழுவவும் கியூரிங்குக்கும் மொண்டு போய்விடுவார்கள். டிரம்முக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து மூடி போடுங்கள். வேலை தொடங்கும் முன் மூடியைத் திறந்து பார்ப்பது காவலரின் வேலை.

4. இடத்தைச் சுற்றிப் பார்ப்பது

வழிகாட்டியிலேயே அதிக நேரம் செலவிடவேண்டிய படி இதுதான். அவசரப்படாதீர்கள்.

வெல்டிங் நடக்கும் புள்ளியிலிருந்து சுற்றிலும் 11 மீட்டர், அதாவது 35 அடி. இது வெல்டிங், கட்டிங் போன்ற வேலைகளுக்கான என்.எஃப்.பி.ஏ 51பி தரத்தின் அளவு. சமதரைக்கு இது சரி. உயரத்தில் வேலை நடந்தால் பொறி இன்னும் தூரம் போகும். ஆடிக் காற்று அடிக்கும்போது எவ்வளவு தூரம் போகும் என்று அளவு சொல்ல முடியாது. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் வட்டத்தை இழுத்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் ஒரே வரிசையில் பாருங்கள்: முதலில் தரை, பிறகு சுவரின் மறுபக்கம், பிறகு கீழே, கடைசியாக மேலே. வரிசை இருந்தால் ஒரு பக்கம் விட்டுப்போகாது.

தரையில் மரத்தூள், ப்ளைவுட் துண்டு, சிமென்ட் சாக்கு, தெர்மகோல், பெயின்ட் துணி இவற்றைப் பெருக்கி அகற்றுங்கள். ஓரமாகத் தள்ளி வைத்தால் போதாது. பொறி உருண்டு ஓரத்துக்குத்தான் போகும். சென்ட்ரிங் பலகையில் டீசலோ ஆயிலோ பூசியிருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். கியூரிங்குக்குப் போட்ட சாக்கு ஈரமாக இருக்கும்வரை பாதுகாப்பு. காய்ந்துவிட்டால் அதுவே எரிபொருள். அகற்ற முடியாததைத் தீப்பிடிக்காத போர்வையால் மூடி, ஓரங்களை அமுக்கி வையுங்கள். மேலே மட்டும் விரித்துவிட்டால் ஓரத்துச் சந்து வழியாகப் பொறி உள்ளே போய்விடும்.

சாதாரண தார்ப்பாய் மூடுவதற்கு உதவாது. சாரத்தைச் சுற்றிக் கட்டும் பச்சை நெட்டும் அப்படித்தான், தீ பிடித்தால் உருகிச் சொட்டும். அந்தப் பக்கம் வேலை நடந்தால் நெட்டை அவிழ்த்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். விழுந்து அடிபடாமலிருக்கக் கட்டிய நெட் என்றால் இன்ஜினியரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

அடுத்து சுவரின் மறுபக்கம். இரும்பு பீமிலும் பைப்பிலும் சூடு கடத்திப் போகும். இந்தப் பக்கம் வெல்டிங் அடிக்க, அந்தப் பக்கம் சுவரோடு சாய்த்து வைத்த அட்டைப்பெட்டி கருகும். நடந்து போய் அந்த அறையைத் திறந்து பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி வரும்வரை வேலை தொடங்கக்கூடாது.

குளிர்பதனக் கிடங்குகளில் இன்னும் கவனம் தேவை. ஓசூர் பக்கம் பூ, காய்கறிக்கு இந்தக் கிடங்குகள் உண்டு. அங்கே பஃப் பேனல் சுவரும் கூரையும் வெளியே தகரமாகத் தெரியும், உள்ளே எரியும் நுரை இருக்கும். தீ தகரத்துக்குள்ளேயே ஓடும். வெளியே தெரியும்போது பாதிச் சுவர் போயிருக்கும். பஃப் பேனலில் நேரடியாக வெல்டிங்கோ கட்டிங்கோ செய்ய விடாதீர்கள். போல்ட்டோ ரிவெட்டோ போட்டு முடியுமா என்று இன்ஜினியரிடம் கேளுங்கள்.

பிறகு கீழே. தளத்தில் உள்ள ஒவ்வொரு ஓட்டையையும் தேடுங்கள்: பைப் போகும் துளை, எலக்ட்ரிக்கல் ஷாஃப்ட், லிஃப்ட் குழி, வடிகால். லிஃப்ட் குழியின் அடியில் சைட்டின் குப்பை முழுக்கச் சேர்ந்திருக்கும். பொறி நான்கு மாடி விழுந்தும் சூடாகவே போய்ச் சேரும். துளைகளை ஈரச் சாக்காலோ தகரத்தாலோ மூடிவிட்டு, கீழே இறங்கி அடியையும் சுத்தம் செய்யவேண்டும்.

மேலே ஃபால்ஸ் சீலிங், ஏசி டக்ட், கேபிள் ட்ரே. டக்ட் ஓடிக்கொண்டிருந்தால் புகையையும் பொறியையும் உறிஞ்சி வேறு அறைக்குக் கொண்டுபோகும். வேலை முடியும்வரை நிறுத்தச் சொல்லுங்கள்.

காலி டிரம்மைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தின்னரோ டீசலோ இருந்த காலி டிரம்மை வெட்டித் தண்ணீர்த் தொட்டியாக்குவது சைட்களில் சாதாரணமாக நடக்கிறது. காலி என்பதாலேயே அது ஆபத்து. உள்ளே ஆவி காற்றோடு கலந்து நிற்கிறது; கட்டிங் டார்ச் பட்டால் வெடிக்கும். நிறைந்த டிரம்மைவிட இது மோசம். அந்த வேலையைக் காவலர் அனுமதிக்கவே கூடாது.

5. சிலிண்டரும் மிஷினும்

சிலிண்டர்கள் நிமிர்ந்து, சங்கிலியால் கட்டி நிற்கவேண்டும். கறுப்பு ஆக்சிஜன், மெரூன் நிறம் அசிட்டிலீன். இப்போது பல இடங்களில் அசிட்டிலீனுக்குப் பதில் எல்பிஜி வைத்துக் கட்டிங் செய்கிறார்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும். குழிக்குள்ளும் பேஸ்மென்ட்டிலும் அந்தச் சிலிண்டரை இறக்க விடாதீர்கள். மேலேயே வைத்து ஹோஸை மட்டும் இறக்கட்டும்.

ஹோஸின் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தீக்குச்சி வைத்துப் பார்க்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. தீ திரும்பி ஹோஸுக்குள் போகாமல் தடுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் இல்லாத செட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

வெல்டிங் மிஷினின் எர்த் கிளாம்ப், வெல்டு செய்யும் பொருளிலேயே, வேலைக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கவேண்டும். எங்கோ தூரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் மாட்டினால் கரன்ட் கட்டடம் வழியாக வழி தேடிப் போகும். சரியாகத் தொடாத ஏதோ ஓர் இணைப்பு சூடேறி, யாரும் நினைக்காத இடத்தில் தீ பிடிக்கும்.

6. பெர்மிட்

பெர்மிட் என்பது இந்த வேலையைத் தொடங்க எழுதிக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. அதில் இடம், வேலை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், காவலர் பெயர், கையெழுத்து. அலுவலகத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடாதீர்கள். நான்காவது, ஐந்தாவது படிகளை முடித்து, அந்த இடத்திலேயே நின்று போடவேண்டும். ஒரு பெர்மிட் ஓர் இடத்துக்கும் ஒரு ஷிஃப்ட்டுக்கும்தான் செல்லும். வெல்டர் பத்தடி நகர்ந்து அடுத்த அறைக்குப் போனால் சுற்றிப் பார்ப்பதை மறுபடி செய்யவேண்டும். சாப்பாட்டுக்குப் போய் வந்தாலும் ஒரு முறை பாருங்கள். அந்த அரைமணியில் பெயின்டர் வந்து டின்னை வைத்துவிட்டுப் போயிருப்பார்.

7. வேலை நடக்கும்போது

வெல்டருக்கு முதுகு காட்டி நில்லுங்கள் என்று நான் சொல்வது வழக்கம். கொஞ்சம் மிகைதான், ஆனால் பழக்கம் வருகிறது. ஆர்க் வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணும் கெடும், அதன் பிறகு இருட்டு மூலையில் எதுவும் தெரியாது. பொறி எங்கே போகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில், வெளியேறும் வழிப் பக்கமாக இருக்கட்டும். வேலை நடக்கும் இடத்துக்கு அந்தப் பக்கம் வைத்தால், தேவைப்படும்போது தீயைத் தாண்டித்தான் எடுக்கவேண்டிவரும்.

போன் பையிலேயே இருக்கட்டும். ஒதுங்கவேண்டும் என்றால் வெல்டரை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போங்கள், திரும்பி வந்ததும் தொடங்கட்டும். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். கேட்டுத்தான் ஆகவேண்டும்.

8. வேலை நின்ற பிறகு

கடைசி ராடு எரிந்து முடிந்த நேரத்தை எழுதுங்கள். அந்த நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் காவலர் அங்கிருந்து நகரக்கூடாது. என்.எஃப்.பி.ஏ 51பி முன்பு அரைமணி என்றது. 2019 பதிப்பில் அதை ஒரு மணி நேரமாக உயர்த்திவிட்டார்கள். கங்கு சுடராக மாற நேரம் எடுக்கும் என்பதுதான் காரணம். தேங்காய் நார், மரத்தூள், சாக்கு, பஞ்சு இருக்கிற இடத்தில் இன்னும் அதிக நேரம் எடுக்கும். காவேரிப்பட்டினம் பக்கத்து நார் ஃபேக்டரிகளில் வேலை செய்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நார்க் குவியல் உள்ளுக்குள்ளேயே மணிக்கணக்கில் புகைந்து மறுநாள் பிடிப்பது அவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடங்களில் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகும், மேலும் மூன்று மணி நேரத்துக்கு அவ்வப்போது வந்து பார்க்கவேண்டும்.

இந்த ஒரு மணி நேரத்தில் வெறுமனே உட்கார வேண்டாம். சுற்றிப் பார்த்த அதே வரிசையில் மறுபடி போங்கள்: தரை, சுவரின் மறுபக்கம், கீழே, மேலே. புறங்கையைச் சுவருக்கும் தகரத்துக்கும் அருகில் கொண்டுபோய்ச் சூடு தெரிகிறதா என்று பாருங்கள். போர்வையைத் தூக்கி அடியில் பாருங்கள். பக்கத்தில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றால் சின்னக் கங்கும் இருட்டில் தெரியும். வெட்டி விழுந்த சூட்டு இரும்பைத் தண்ணீரில் போட்டு எடுத்து வையுங்கள், குப்பையோடு சேர்க்காதீர்கள். சிலிண்டர் வால்வுகளை மூடி ஹோஸைச் சுருட்டினார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மாலை ஐந்தரைக்கு வெல்டிங் முடிந்து, ஆறு மணிக்குக் காவலரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற பிழை. இதைத் தடுக்க ஒரே வழி, வெல்டிங்கை நாலரைக்கே நிறுத்துவது. சூப்பர்வைசர் திட்டத்திலேயே அந்த ஒரு மணி நேரம் இருக்கவேண்டும்.

9. இரவு ரவுண்ட்ஸ்

சிஸ்டம் நிற்கும் கட்டடத்திலும், சிஸ்டம் வராத சைட்டிலும் ரவுண்ட்ஸ்தான் அலாரம். அரைமணிக்கு ஒரு முறை என்று வையுங்கள். ஆட்கள் தூங்கும் இடம் இருந்தால் கால் மணிக்கு ஒரு முறை. ஒரு ஆள் அந்த நேரத்துக்குள் சுற்றி முடிக்க முடியாத அளவு பெரிய கட்டடம் என்றால் இரண்டு ஆள். நடந்து பார்த்து நேரம் அளந்த பிறகு எண்ணிக்கையைச் சொல்லுங்கள், வரைபடத்தை வைத்துச் சொல்லாதீர்கள்.

ஒரு ரவுண்டில் வலப்பக்கமாகப் போனால் அடுத்ததில் இடப்பக்கமாகப் போங்கள். ஒரே வழியில் போனால் நான்காவது சுற்றில் கண் எதையும் பார்க்காது. பகலில் வெல்டிங் நடந்த இடம், எலக்ட்ரிக்கல் ரூம், ஜெனரேட்டர், பெயின்ட் ஸ்டோர், குப்பை மேடு, லிஃப்ட் குழி இவை ஒவ்வொரு சுற்றிலும் இருக்கவேண்டும். வெளியேறும் வழிகளில் சாமான் அடைத்திருக்கிறதா என்பதும்.

லேபர் ஷெட்டைச் சுற்றிப் பார்க்கப் பலர் தயங்குகிறார்கள். அங்கேதான் உயிர்கள் இருக்கின்றன. தகரமும் ப்ளைவுட்டும் வைத்துக் கட்டிய அறை, உள்ளே சின்ன கேஸ் அடுப்பு, ஒரே ப்ளக்கில் ஏழெட்டு போன் சார்ஜர், கட்டிலுக்கு அடியில் அட்டை மேல் கொசுவத்தி. கொசுவத்தியைத் தகர மூடியில் வைக்கச் சொல்லுங்கள், கதவுப் பக்கம் எதையும் அடுக்க விடாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் ஓசூர்க் குளிருக்கு ஆட்கள் சென்ட்ரிங் துண்டுகளைக் கொளுத்திக் குளிர்காய்வார்கள். வெறுமனே தடுத்தால் இருட்டில் போய்க் கொளுத்துவார்கள். திறந்த வெளியில் ஓர் இடம் காட்டி, மணல் பக்கெட்டும் தண்ணீரும் வைத்து, படுக்கப் போகும் முன் அணைத்துவிட்டதைப் போய்ப் பாருங்கள். ஆயுத பூஜை அன்று மிஷினுக்கு முன் ஏற்றிய விளக்கும் சூடமும், தீபாவளி வாரத்தில் பச்சை நெட்டில் வந்து விழும் ராக்கெட்டும் அந்தந்த நாட்களின் கூடுதல் வேலை.

10. தீ தெரிந்தால்

வரிசை முக்கியம்: விசில், போன், பிறகுதான் தீயணைப்பான். தனியாக அணைக்கப் போய், முடியாமல் போன பிறகு போன் செய்வதுதான் புதியவர்களின் பெரிய பிழை. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் ஒருவர் போன் செய்யட்டும், ஒருவர் அணைக்கட்டும்.

101 அல்லது 112. ஊர், சாலை, அடையாளம், எந்த கேட், என்ன எரிகிறது, ஆள் சிக்கியிருக்கிறார்களா, சிலிண்டர் இருக்கிறதா என்று சொல்லுங்கள். ஜூஜுவாடி போன்ற எல்லையோர இடத்தில் மாவட்டத்தையும் மாநிலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்தின் நேரடி எண்ணும், சைட்டின் முகவரியும் பெரிய எழுத்தில் கேட் அறைச் சுவரில் இருக்கவேண்டும். பதற்றத்தில் சொந்த சைட்டின் பெயரே வாயில் வராது. டார்ச்சோடு ஒருவரை மெயின் ரோட்டுக்கு அனுப்புங்கள். கேட் வழியை ஜல்லியும் மணலும் அடைத்திருக்கக் கூடாது. இதை மாலையிலேயே பார்த்திருக்கவேண்டும்.

முதுகுக்குப் பின்னால் வெளியேறும் வழி இருந்து, தீ குப்பைக்கூடை அளவில் இருந்தால் அணைக்கலாம். பின்னை இழுத்து, சுடரின் அடியைக் குறிவைத்து, பக்கவாட்டில் வீசி அடியுங்கள். ஒரு சிலிண்டர் தீர்ந்தும் அடங்கவில்லை என்றால், அல்லது புகை தலைக்கு மேல் சேரத் தொடங்கினால், வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். சின்ன அறைக்குள் சிஓ2 அடித்துவிட்டு உள்ளே நிற்காதீர்கள், மூச்சடைக்கும். மின்சாரம் துண்டிக்காத இடத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தீயில் சூடேறிய அசிட்டிலீன் சிலிண்டர் தீ அணைந்த பிறகும் வெடிக்கக்கூடும். அதைத் தூக்கவோ உருட்டவோ வேண்டாம். எல்லாரையும் தூரமாக அனுப்பிவிட்டு, அது எங்கே நிற்கிறது என்று தீயணைப்பு வீரர்களிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

அணைந்துவிட்டது என்று நினைத்த தீக்கும் ஒரு மணி நேரக் காவல் வேண்டும். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இன்ஜினியருக்குச் சொல்லவேண்டும்.

11. லாக் புக்

ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம், பார்த்த இடம், கண்டது, செய்தது, கையெழுத்து. விடியற்காலை உட்கார்ந்து இரவு முழுக்கச் சேர்த்து எழுதினால் எல்லாச் சுற்றும் சரியாகப் பூச்சியத்திலும் முப்பதிலும் இருக்கும், ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருக்கும். சர்வே எடுக்க வருகிற இன்சூரன்ஸ்காரர் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். உண்மையான நோட்டில் 1:07, 1:41 என்றுதான் இருக்கும்.

"எல்லாம் சரி" என்று மட்டும் எழுதாதீர்கள். "பெயின்ட் ஸ்டோர் கதவு திறந்திருந்தது, பூட்டினேன்" என்பது பயனுள்ள வரி. அடுத்த ஷிஃப்ட்காரர் அதைப் படித்து அந்தக் கதவை இரண்டு முறை பார்ப்பார். ஷிஃப்ட் மாறும்போது நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனால் போதாது, இருவரும் சேர்ந்து ஒரு சுற்று நடந்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்று ஆள் வரவில்லை என்றால் இருப்பவர் கிளம்பக்கூடாது. சூப்பர்வைசருக்குப் போன் போட்டு ஆள் வரும்வரை நிற்கவேண்டும்.

12. காவலை எடுப்பது

"பம்ப் ரெடி ஆயிடுச்சு, நீங்க போகலாம்" என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால் கிளம்பாதீர்கள். ரிப்பேருக்காக மூடிய வால்வைத் திறக்காமல் விட்டுவிடுவது நடக்கிற விஷயம். பம்ப் ஓடும், பேனலில் விளக்கு எரியும், ஆனால் ஸ்பிரிங்க்ளருக்குத் தண்ணீர் போகாது.

டெக்னீசியனோடு சேர்ந்து போய், வால்வு முழுக்கத் திறந்திருப்பதைப் பார்த்து, தண்ணீரை வெளியேற்றும் ட்ரெயின் வால்வைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். பம்ப் சுவிட்ச் ஆட்டோவில் இருக்கவேண்டும், மேனுவலில் விட்டிருப்பார்கள். அலாரம் பேனல் நார்மல் காட்டவேண்டும், ஒரு டிடெக்டரையாவது சோதித்துச் சத்தம் கேட்கவேண்டும். பிறகு பொறுப்பான அதிகாரி நேரம் போட்டு லாக் புக்கில் கையெழுத்திடுவார். அந்தக் கையெழுத்துக்குக் கீழே காவலர் தன் கையெழுத்தைப் போட்டு, சாவிகளை எண்ணிக் கொடுத்து, பயன்படுத்திய தீயணைப்பான்களை ரீஃபிலுக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பலாம்.